மூன்றாவது வரிசை

"கருவி கெட்டுப்போச்சா, இல்ல என் கண்ணுதான் கெட்டுப்போச்சா?" என்று முணுமுணுத்தபடி, ஆராய்ச்சி மாணவி அந்தக் கீரை இலையின் பச்சையத்தை மூன்றாம் முறையாக அளந்தாள். ஐந்து வாரமாக மெக்னீசியம் கொடுக்காமல் வளர்க்கும் மூன்றாவது வரிசை அது. இந்நேரம் இலை மஞ்சளாகி, ஒளிச்சேர்க்கை பாதாளத்துக்குப் போய், சுவாசமும் தடுமாறியிருக்க வேண்டும். அதுவோ பச்சைப் பசேலென்று நின்றது.

அலமாரியைத் திறந்தாள். மெக்னீசிய உப்பு டப்பாவில் பாதியைக் காணோம். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுபவரைக் கூப்பிட்டாள்.

"அண்ணே, இதுல இருந்த உப்பு எங்க?"

"நான்தாம்மா எடுத்தேன். வீட்டுத் தோட்டத்துக்கு."

பன்னிரண்டு வருடத்தில் இந்த ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு துரும்பைக்கூட எடுக்காத மனிதர். தலை நிமிராமல் சொன்னார்.

"மாடியில ஒத்த ரூம்ல இருக்கீங்க. தோட்டம் ஏதுண்ணே?"

அவள் மூன்றாவது வரிசையைத் திரும்பிப் பார்த்தாள். தொட்டி விளிம்பெல்லாம் உப்புப் பூத்திருந்தது.

"இதுக்கா ஊத்துனீங்க? என் அஞ்சு வார உழைப்பும் மண்ணாப் போச்சு. பட்டினி போட்டாத்தான் ஆராய்ச்சின்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா."

அவர் ஓர் இலையைத் தடவிக்கொடுத்தார்.

"ஒரு மாசமா என் சம்சாரம் ஆஸ்பத்திரியில கிடக்கா. எது குடுத்தாலும் உடம்புல ஒட்டல. இனி குடுத்தும் பிரயோஜனம் இல்லைன்னு நேத்து சாப்பாட்டு ட்யூபையும் எடுத்துட்டாங்க. ராத்திரியெல்லாம் அவள பாத்துட்டு இங்க வந்தா, இதுங்களும் அவள மாதிரியே வெளுத்துக்கிட்டு வந்துச்சு."

அந்த இலையை மெல்லத் திருப்பிப் பார்த்தார்.

"இதுங்களுக்குக் குடுத்தா ஒட்டுச்சும்மா."