கனைப்பு நின்ற வீடு

நெஞ்சு எரியாமலே அமிலம் தொண்டைவரை ஏறுகிற நாசூக்கான வியாதி எனக்கு. வருடக்கணக்காக ஓயாமல் கனைத்தேன். போன மாதம் டாக்டர்கள் தொண்டையில் ஒரு மின்னணுச் சில்லைப் பதித்தார்கள். அமிலத்தைக் கிளப்பும் காபி டம்ளரைத் தொட்டாலே, "வேண்டாம் ஐயா" என்று உள்ளேயிருந்து அதட்டும். கனைப்பு அடியோடு போயிற்று.

வினையே அதுதான். ஒருநாள் கனைப்புச் சத்தமில்லாமல் அடுக்களைக்குப் போனேன். "இந்த வீட்ல யாருக்கும் மூளையே கிடையாது!" என்று மருமகள் தமயந்தி என்னைப்போலவே கத்திக் காட்டிக்கொண்டிருந்தாள். என் மனைவி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததேயில்லை. என்னைக் கண்டதும் இருவரும் ஊமையானார்கள்.

மறுநாள் மனைவியே செல்போனில் சில்லை அணைத்துவிட்டுக் காபியை நீட்டினாள்.

"குடிங்க, ஒண்ணும் ஆகாது. எத்தனை நாளைக்குத்தான் வாயைக் கட்டுவீங்க?"

என் உடம்பின்மேல் என்ன அக்கறை!

சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து மறுபடி கனைத்தேன். அடுக்களையில் நிம்மதியாகச் சிரிப்பு எழுந்தது.