ஊருக்கெல்லாம் ஒரே கண்

படத்தில் கண்கள் இருந்த இடத்தைப் பூச்சி தின்றிருந்தது.

மூக்கை விட்டுவிட்டது. மீசையை விட்டுவிட்டது. கண்களை மட்டும் தேடிப்பிடித்துத் தின்றிருந்தது.

அந்தப் படத்தை எடுத்த அவருக்குச் சிரிப்பு வந்தது. தன் கண்ணுக்கு அத்தனை ருசியா.

கோவில்பட்டியில் அவர் ஸ்டூடியோ வைத்திருந்த காலத்தில், உயிரோடு இருப்பவர்களைவிடச் செத்தவர்கள்தான் அதிகம் படம் எடுத்துக்கொண்டார்களாம். அவர் கணக்கு அப்படி. ஆள் நடமாடும்போது யாருக்கும் தோன்றாது. மூச்சு நின்ற பிறகு நாற்காலியில் சாய்த்துக் கட்டிவிட்டு ஆள் அனுப்புவார்கள்.

படத்தைக் கழுவியதும், மூடிய இமைகளின் மேல் கண் வரைய வேண்டும்.

செத்தவரின் கண் எப்படி இருந்தது என்று யாரிடம் கேட்பது? வீடே அழுதுகொண்டிருக்கும்.

முகம் பார்க்கும் கண்ணாடியை எதிரே வைத்துக்கொண்டு, தன் கண்ணையே வரைந்துவிடுவார்.

ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அப்பா பார்க்கிற மாதிரியே இருக்கிறது என்று கும்பிட்டு வாங்கிப் போனார்கள்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் மாலைக்கு நடுவிலிருந்து அவரே அவரைப் பார்க்கிறார். மளிகைக் கடையில். பல் டாக்டர் வீட்டில். போலீஸ்காரர் வீட்டுப் பூஜை அறையில். தேர்தலில் நின்றால் செத்தவர்கள் ஓட்டு மொத்தமும் தனக்குத்தான் என்பார்.

காப்பி கொடுத்தால் மட்டும், சுவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குடிப்பார்.

பூச்சி தின்ற இந்தப் படத்தைக் கொண்டுவந்தவன் பேச்சிமுத்து. படத்தில் இருப்பது அவன் அப்பா.

"அம்மா சாப்பிட மாட்டேங்கா அண்ணாச்சி. கண்ணில்லாத மனுசன் முன்னால உக்காந்து எப்படிலே சோறு திங்கதுங்கா. முந்தாநாத்துலருந்து வெறுந்தண்ணிதான்."

"கண்ணுதான? சாயங்காலம் முழிக்க வச்சிருவோம். முன்னவிட நல்லா முழிப்பாரு உங்கப்பா."

பூச்சி தின்ற இடத்தில் தாள் ஒட்டினார். கண்ணாடியைத் துடைத்து எதிரே வைத்தார். பிரஷை நாக்கில் நனைத்துக் கூராக்கினார். கண்ணாடியைப் பார்த்துப் பார்த்து வரைந்தார்.

அவரே எடுத்துப் போனார். பாராட்டை நேரில் வாங்காமல் விடுகிற ஆள் இல்லை அவர்.

பேச்சிமுத்துவின் அம்மா ஆவுடையம்மாள் படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வெகுநேரம் பார்த்தாள்.

அவரும் எட்டிப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது.

இருபத்தெட்டு வயது முகம். கன்னங்கரிய மீசை. கண்களில் மட்டும் இமை தொங்கியது. அடியில் பை விழுந்திருந்தது. விழியைச் சுற்றிச் சாம்பல் வளையம்.

கண்ணாடியில் கண்டதைக் கண்டபடி வரைந்திருந்தார்.

படத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார்.

ஆவுடையம்மாள் முந்தானையால் சட்டத்தைத் துடைத்தாள். ஓரம் ஓரமாக.

"நான் மட்டுந்தான் கெழவியாயிட்டேன்னு நெனச்சேன்" என்றாள் படத்திடம்.

பிறகு மகனிடம் சோறு போடச் சொன்னாள்.

படத்தை எதிரே சாய்த்து வைத்துக்கொண்டு பிசைந்தாள். முதல் கவளத்தை வாயருகே கொண்டுபோனவள், என்னவோ தோன்றி, நிமிர்ந்து அவர் கண்களைப் பார்த்தாள்.

கை அப்படியே நின்றது.

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

அவள் விழுங்கும் சத்தம் கேட்கும்வரை திறக்கவில்லை.