மாடியில் நிற்கும் பொம்மை

“சாப்பாட்டு மேஜை எங்கேன்னு கேட்டா, பிளாட்பாரத்தைக் காட்டறீங்க” என்றபடி பையை இறக்கி வைத்தாள் மனைவி.

மேஜை முழுக்கப் பொம்மை ரயில் பாதை. சலித்த மணலை ஜல்லியாகப் பரப்பி, அதன்மேல் சொட்டுச் சொட்டாகப் பசை விட்டுக்கொண்டிருந்தான் கணவன்.

“இன்னைக்கு ஒருநாள் மடியில தட்டை வச்சுச் சாப்பிடுவோம்.”

“நேத்தும் இதையேதான் சொன்னீங்க.” குனிந்து பார்த்தாள். “தண்டவாளம் மேலயும் துரு நிறம் பூசிட்டீங்களே. பக்கவாட்டுலதான் துரு இருக்கும். மேல சக்கரம் ஓடி ஓடிப் பளபளன்னு கிடக்கும்.”

“குத்தம் சொல்லலைன்னா உனக்குச் சோறு இறங்காது.” சொல்லிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தான்.

அவள் பார்வை பாதையோர வீட்டுக்குப் போனது. மொட்டைமாடியில் விரல்நகம் அளவுக்கு ஒரு பொம்மை, கையைத் தூக்கியபடி நின்றது.

“இது யாரு?”

“நான்தான். தினம் சாயங்காலம் உன் வண்டி நம்ம வீட்டைத் தாண்டும்போது இப்படித்தான் நிக்கறேன். நீ ஒருநாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்லை. காது கிழியற மாதிரி ஹாரனை அடிச்சுட்டுப் போயிடறே.”

“எஞ்சின் ஓட்டறவ சிக்னலைப் பார்ப்பாளா, புருஷனைப் பார்ப்பாளா?”

“அதுவும் சரிதான்.” பொம்மையைப் பிடுங்கப் போனான்.

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அது அங்கேயே நிக்கட்டும். ஹாரன் அடிக்க அங்க ரயில்வே கேட்டும் இல்லை, வளைவும் இல்லை. அந்த இடத்துல தினம் நான் யாருக்கு ஹாரன் அடிக்கறேன்னு நினைச்சீங்க?”