திசுவுக்குப் பலகாரம்

"ஓடுங்கடி! ரத்தம் நின்னா ஆளே காலி!"

சான்சா மேடம் கைதட்டினார். ஜாம்பியாவின் கிட்வே நகரில் ஒரு நர்ஸிங் கல்லூரி மைதானம். இரண்டு வரிசையாக நின்ற மாணவிகள்தான் ரத்தக்குழாயின் சுவர். நடுவில் ஓடுகிறவர்கள் ரத்தம். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த லவ்னெஸ்தான் திசு.

ஆக்சிஜனாக வந்தவள் சுவரை நழுவிக் கடந்து, லவ்னெஸ் முகத்தில் 'ஊஃப்' என்று ஊதிவிட்டுப் போனாள்.

அடுத்து முசோண்டா. அவள் சர்க்கரை. சந்தில் புகுந்து, சூடான விட்டும்புவா என்ற பொரித்த மாவு உருண்டைகளை லவ்னெஸ் கையில் திணித்தாள்.

"சாப்பிடு, திசுவே!"

கடைசியில் ப்வால்யா. ஆள் வாட்டசாட்டம், அதனால் புரதம்.

"புரதம் பெருசுடி, வெளிய போகாது!"

"போய்த்தான் பாப்போமே!"

முட்டினாள். சுவர் மொத்தமும் சரிந்து புல்லில் உருண்டது.

"ஐயோ, ரத்தக்கசிவு!"

மேடம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இப்பவாவது புரிஞ்சுதா?"

"இல்ல மேடம்!" முப்பது குரல்.

"சரி, நாளைக்கும் இதேதான்."

முசோண்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஐந்து நாளாக ஒரே பாடம். ஐந்து நாளும் லவ்னெஸ்தான் திசு. கடலை, வாழைப்பழம், எல்லாம் அவள் வயிற்றுக்குள்!

நேராக முதல்வர் அறைக்கு நடந்தாள். ப்வால்யா பின்னாலேயே ஓடிவந்தாள்.

"எங்கடி போற?"

"புகார் குடுக்க! நிறைய இருக்கற பக்கத்துலேர்ந்து குறைவா இருக்கற பக்கத்துக்குத் தானாப் போகும். அவ்வளவுதானே பாடம்? இதுல புரியாம என்ன இருக்கு, மக்குங்களா? அந்த லவ்னெஸ் என்ன, மேடத்துக்குச் சொந்தமா?"

"மெதுவாப் பேசு. எங்களுக்கும் முதல் நாளே புரிஞ்சிடுச்சு."

"அப்புறம் ஏன்டி?"

"அவ அப்பாவுக்குச் சுரங்க வேலை போச்சு. ஒரு வாரமா மெஸ்ல அவளுக்குத் தட்டு கிடையாது. மேடம் கூப்பிட்டுக் குடுத்தாங்க, 'பசிக்கல'ன்னுட்டா, ரோஷக்காரி. பாடம்னாத்தான் மறுக்காம சாப்பிடறா."

முதல்வர் அறைக் கதவில் வைத்த கையை முசோண்டா வெடுக்கென்று எடுத்தாள். மைதானத்துக்கு ஒரே ஓட்டம்.

"மேடம்! எனக்குச் சுத்தமாப் புரியல. நாளைக்கு ரத்தத்துல ரெண்டு முட்டையும் வரட்டும்!"