வரிசையில் வந்த மீன்கள்

“இந்தத் தடவையும் ஒண்ணு மாட்டிச்சு மேடம்.”

“எங்கே?”

“பாறைத்திட்டுக்கு வடக்கே. நல்ல கொடுவா.”

“சரி, வெச்சுட்டுப் போங்க.”

“மேடம்… உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“கேளுங்க.”

“இல்ல, அடுத்த தடவை கேக்கறேன்.”

டேக் கொண்டுவரும் அந்தப் படகுக்காரரோடு ஒவ்வொரு முறையும் இதே பேச்சுதான். மீன்வள அலுவலகத்தின் ஆய்வறையில், மேசைமேல் கிடந்த மஞ்சள் டேக்குகளைப் பார்த்தபடி ஆய்வாளர் அதை நினைத்துக்கொண்டாள். நூல்போல மெல்லிய பிளாஸ்டிக் துண்டுகள். ஒவ்வொன்றிலும் ஓர் எண். கொடுவா மீன்களின் முதுகில் அவற்றைக் குத்திக் கடலில் விட்டிருந்தார்கள். மீன் மாட்டினால், பிடித்தவர் டேக்கைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும். எத்தனை திரும்பி வருகிறது என்பதை வைத்து, கடலில் எவ்வளவு மீன் மிச்சமிருக்கிறது என்று கணக்குப் போடுவது அவள் வேலை.

கணக்கு இந்த முறை மோசமாக வந்திருந்தது. கொடுவா பிடிப்பதை இரண்டு வருடம் அடியோடு நிறுத்தவேண்டும். அதை அறிவிக்கத்தான் எதிர்க் கூடத்தில் கூட்டம். படகுக்காரர்களின் சத்தம் சுவரைத் தாண்டி வந்தது. அந்தத் துறைமுகத்தில் பாதி வீடுகளில் அடுப்பு எரிவது கொடுவாவால்தான்.

கூட்டத்துக்கு எடுத்துப்போக டேக்குகளை எண்வாரியாக அடுக்கும்போதுதான் அவள் கை சட்டென்று நின்றது. உடனே அந்தப் படகுக்காரரைக் கூட்டிவரச் சொன்னாள்.

“வலை போடாமலே மாட்டிக்கிட்டீங்க போல,” என்று சிரித்தபடி அவரை உள்ளே விட்டான், போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த அட்டெண்டர். அவள் அவனைப் பார்த்த பார்வையில் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டான்.

படகுக்காரர் வழக்கம்போல் நாற்காலியில் உட்காராமல் நின்றார். அவள் மேசையில் இருந்த இரண்டு குவியல்களைக் காட்டினாள்.

“இது மத்தவங்க கொடுத்தது. பாசி பிடிச்சு, நுனி நைஞ்சு போயிருக்கு. இது முழுக்க நீங்க கொடுத்தது. கடையில வாங்கின மாதிரி பளபளன்னு இருக்கு.”

“நான் கழுவித்தான் கொண்டுவருவேன் மேடம்.”

“கழுவினா நம்பருமா வரிசையா வரும்? முந்நூத்திப் பதினொண்ணு, முந்நூத்திப் பன்னெண்டு, முந்நூத்திப் பதிமூணு… மீனெல்லாம் கியூவுல நின்னு உங்க வலைக்குள்ள ஏறுதா?”

அவர் பார்வை தரைக்குப் போனது. அவள் விடவில்லை. இதில் ஒன்றாவது உண்மையில் மீனோடு வந்ததா என்று கேட்டாள். அவர் இல்லையென்று தலையசைத்தார். அதனால் என்ன கெட்டுப்போயிற்று என்பதுபோல், டேக் நிறைய வந்தால் மீன் நிறைய இருப்பதாகத்தானே அர்த்தம், அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் கொண்டுவந்ததாகச் சொன்னார்.

“தலைகீழாப் புரிஞ்சுவெச்சிருக்கீங்க. ஒரு பானை கோலிக்குண்டுல பத்துக்கு மட்டும் சாயம் பூசிப் போடறோம். கையை விட்டு எடுக்க எடுக்க சாயக் குண்டே வந்தா, பானையில குண்டு நிறையவா இருக்கு?”

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளிறியது. “அப்போ, இந்த ரெண்டு வருஷத் தடை…”

“பாதிக்கு மேல உங்க புண்ணியம்.”

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவர் கொடுத்ததை ஒதுக்கிவிட்டால், முட்டையிடும் மாதங்களில் மட்டும் மீன்பிடிப்பை நிறுத்தினால் போதும். ஆனால் ஏன் ஒதுக்கினாள் என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லவேண்டும். பாசி படாத டேக்கை இத்தனை நாள் எப்படிக் கவனிக்காமல் விட்டாய் என்று இயக்குநர் கேட்பார். படகுக்காரர் வந்து நின்ற நாட்களில் தன் கண் டேக்கின்மேல் இல்லை என்பதை எந்தக் கூட்டத்தில் சொல்லமுடியும்?

“நானே வந்து சொல்லிடறேன்,” என்றார் அவர்.

“பொய்த் தகவல் கொடுத்தா படகு உரிமம் போயிடும்.”

“போகட்டும். என்னால ஊர் அடுப்பு அணையவேண்டாம்.”

அட்டெண்டர் கதவைத் தட்டி, எல்லாரும் வந்துவிட்டார்கள், இயக்குநர் கூப்பிடுகிறார் என்று வெளியிலிருந்தே சொன்னான்.

அவள் எழுந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “அங்கே முதல் கேள்வியே டேக் எங்கே கிடைச்சதுங்கிறதுதான். அதை எனக்கு முதல்ல சொல்லுங்க. இந்த நம்பர் டேக்கெல்லாம் ஒரே கட்டு; நாங்க அதைப் பிரிக்கிறதுக்கு முன்னாலயே காணாமப் போயிடுச்சு. கடல்ல தவறி விழுந்திருக்கும்னு நான்தான் தேடறதை விட்டேன். உங்க கைக்கு எப்படி வந்துச்சு?”

அவர் சட்டைப் பையிலிருந்து இன்னொரு மஞ்சள் டேக்கை எடுத்து மேசையில் வைத்தார்.

“இதுதான் கடைசி. இனிமே இங்கே வர்றதுக்கு என்கிட்ட சாக்கு இல்லை.”

“கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க.”

“அலமாரியில இருந்துச்சு. நீ விட்டுட்டுப் போன துணிக்கு அடியில,” என்றார் அவர். “அன்னைக்கு நீ பெட்டியைத் தூக்கினப்பவே கேட்டிருக்கணும், வாய் வரலை. இப்பக் கேக்கறேன். நம்ம வீட்டுக்கு வந்துடு.”