காலிதீன் கீறிய கரை

“கடலக் கீறித் தா எண்டா, கரையக் கீறிக்கொண்டு வந்திரிக்கான்” என்று முணுமுணுத்தார் முகைதீன்பாவா.

மனிதருக்கு எரிச்சல் வராமல் என்ன செய்யும்? சூறாவளி அடித்த நாளிலிருந்து மகள் நாச்சியா விடியற்காலைச் சுபஹு பாங்குக்கு முன்பே கடற்கரைக்கு ஓடுகிறாள். தோணியில் போன புருஷன் மசூர் திரும்பி வருவானாம். மையித்தாகவாவது அவன் உடலைக் கண்ணால் காணாமல், கைம்பெண்ணாக வெள்ளை உடுத்து இத்தா இருக்க மாட்டேன் என்று ஒரே பிடிவாதம்.

கடலைப் படமாகக் கீறிச் சுவரில் மாட்டினால் வீட்டோடு இருப்பாள் என்று நினைத்து, மசூரின் தம்பி காலிதீனிடம் சொன்னார். கல்முனைக் கடைகளுக்கு போர்டு எழுதுபவன் அவன். அன்று மசூரோடு தோணியில் போனவனும் அவன்தான்.

“தோணி உடைஞ்சதும் ஆளுக்கொரு பலகையப் புடிச்சம். இருட்டுக்குள்ள மசூர் காக்கா எந்தப் பக்கம் போனாரெண்டு தெரியா. விடிய முதல் நான் கரையேறிற்றன். அவர் வேற எங்கயும் ஏறியிரிப்பாரு.”

கேட்டவர்களுக்கெல்லாம் இதைத்தான் சொன்னான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் நாச்சியா உயிரோடு இருந்தாள்.

படத்தில் முன்னால் முழுக்கத் தண்ணீர். தூரத்தில் கரை. தலை முறிந்த தென்னைகளின்மேல் மஞ்சள் வெயில். அப்படியொரு வெளிச்சத்தை எந்தக் கடை போர்டிலும் அவன் தீட்டியதில்லை.

“நல்லா இரிக்கா மச்சி?” என்றான், அண்ணன் மனைவியின் முகத்தைப் பார்க்காமல்.

நாச்சியா நெடுநேரம் பார்த்தாள். “காலம்பற வெயில் கீறியிரிக்காய்.”

“ஓம் மச்சி. இருட்டாக் கீறினா நீங்க பயப்படுவீங்கெண்டு...”

“கடலுக்குள்ள இரிந்து பாத்தாத்தான் கரை இப்பிடித் தெரியும், என்ன?”

“ஓம்.”

“நீ விடிய முதலே கரையேறிற்றாய்தானே?”

காலிதீன் பெயின்ட் படிந்த கையைச் சாரனில் துடைத்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

“என்னம்மா, படம் புடிக்கல்லயா? வேற கீறச் சொல்லுவமே” என்றார் முகைதீன்பாவா.

அவள் வாப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தாள். குரலில் அழுகைகூட இல்லை.

“உயிர் போற நேரம் அவருக்குக் கலிமா சொல்லிக் குடுத்தியா தம்பி?”