பெயரில்லாத பார்

ஆழ வரைபடத்தில் அந்த இடம் உள்ளங்கை மாதிரிச் சமதரை. நாற்பது பாகம் ஆழம், மேடு பள்ளம் எதுவும் கிடையாது. ஆனால் தொபியாசின் வள்ளத்திலிருந்த ஒலி அனுப்பி ஆழம் பார்க்கும் எக்கோ கருவி அங்கே ஒரு திமிலைக் காட்டியது. அதைச் சுற்றி மீன் அப்பிக்கிடந்தது. போட்ட தூண்டிலிலெல்லாம் கலவா மீன் ஏறியது.

"படம் போட்டவனுக்கே தெரியாத பாரு மச்சான் இது," என்றான் தொபியாசின் தங்கை கணவன் பெர்க்மான்ஸ்.

பார் என்கிற கடலடிப் பாறையை முதலில் கண்டவன்தான் அதற்குப் பெயர் வைக்க வேண்டும் என்பது அந்தக் கரையின் வழக்கம். ஜிபிஎஸ்ஸில் இடத்தைப் பதித்துவிட்டு பெர்க்மான்ஸ் கேட்டான்: "என்ன பேரு போட?"

அடியில் கிடப்பது என்னவென்று பார்க்காமல் தொபியாஸ் பெயர் வைக்கமாட்டான். ஈயக்குண்டின் அடியில் சோப்பை அப்பி இறக்கினான். பாறை என்றால் அதில் சிப்பித்தூள் ஒட்டிவரும். மேலே வந்த சோப்பில் பச்சைப் பெயின்ட் செதில்கள் ஒட்டியிருந்தன. விரலால் தேய்த்துப் பார்த்தான். கடையில் கிடைக்கிற பச்சை அல்ல. வீட்டுக் கதவுக்கு வாங்கிய மஞ்சளில் மிச்ச நீலத்தைக் கலக்கி, அண்ணனின் விசைப்படகுக்கு அவனே அடித்த பச்சை. ஐப்பசிப் புயலுக்கு முன்னால் ஆறு பேரோடு போன அந்தப் படகு இன்னும் கரை திரும்பவில்லை.

"பேரு சொல்லு மச்சான்."

"தனிஸ்லாஸ்," என்றான் தொபியாஸ், அண்ணனின் பெயரை.

இழுத்துக்கொண்டிருந்த தூண்டிலை பெர்க்மான்ஸ் கைவிட்டான். காலடியில் மீன்கள் துடித்துக்கொண்டிருந்தன. எல்லாமே நல்ல கொழுத்த மீன்.